எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை கோழைத்தனமா? சாப்பாட்டுக்கு அடிமையாக இருப்பது அதோடு போய்விடுமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. முதலாவது வெளிப்படையானது. 39 வயது, 168 செ.மீ. உயரம், 126 கிலோ, சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, தூக்கத்தில் மூச்சுத் திணறல். டாக்டர் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்கிறார். உங்கள் அண்ணனோ "வாயைக் கட்டத் தெரியாதவர்கள்தான் வயிற்றை வெட்டிக்கொள்வார்கள்" என்கிறார். இது கோழைகள் தேடும் குறுக்குவழிதானா என்று கேட்கிறீர்கள். இரண்டாவது கேள்வியைக் கடைசியில், போகிற போக்கில் சொன்னதுபோல் ஒற்றை வரியில் வைத்திருக்கிறீர்கள். வீட்டில் எல்லோரும் தூங்கியபிறகு எழுந்து போய்ச் சாப்பிடுகிறீர்கள், நிறுத்த முடியவில்லை, அதை டாக்டரிடம் சொல்லவில்லை, சொன்னால் ஆபரேஷனே கிடையாது என்றுவிடுவார்களோ என்று பயம். எனக்கு இந்த இரண்டாவதுதான் உங்கள் கேள்வியாகப் படுகிறது. முதலாவதற்குச் சுருக்கமாகவும் இதற்கு நீளமாகவும் பதில் சொல்கிறேன்.

நான் கத்தி பிடிப்பவன் அல்ல. மருத்துவ உளவியல் படித்துவிட்டு, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் ஒரு குழுவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஒருவரை உட்கார வைத்துப் பேசுவது, அப்புறம் ஒரு வருடம், மூன்று வருடம், ஏழு வருடம் கழித்து அதே ஆளை மறுபடி பார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. வயிற்றுக்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்வது அறுவை மருத்துவர்களோடு உட்கார்ந்து கற்றது. தலைக்குள் நடப்பதைப் பற்றிச் சொல்வது நேரில் பார்த்தது. உங்கள் உடம்பைப் பரிசோதித்தவரின் சொல்லுக்கு மேலாக என் சொல்லை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வாயைக் கட்டினால் எடை குறையும் என்பது உண்மை. குறைந்த எடை அப்படியே நிற்கும் என்பதுதான் பெரும்பாலோருக்குப் பொய்யாகிப் போகிறது. மூன்று முறை பதினைந்து, இருபது கிலோ இறக்கி, அத்தனையையும் வட்டியோடு திரும்பப் பெற்றதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மன உறுதி இல்லாத ஒருவர் மூன்று முறை இருபது கிலோ இறக்குவாரா? 2011-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 50 பேரைப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து அவர்களுடைய பசி ஹார்மோன்களை அளந்து பார்த்தபோது, பசியைத் தூண்டுபவை அப்போதும் கூடுதலாகவே இருந்தன, 'போதும்' என்று சொல்பவை குறைவாகவே இருந்தன. ஊரில் பஞ்சம் வந்துவிட்டது என்றே அந்த உடம்புகள் இன்னமும் நம்பிக்கொண்டிருந்தன. தனக்குப் பசிப்பதும் உங்களுக்குப் பசிப்பதும் ஒரே பசி என்று அண்ணன் நினைக்கிறார். அக்கறையில்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தச் சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சரி, ஆபரேஷன் என்னதான் செய்கிறது? பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் என்பதில் இரைப்பையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தைச் சட்டைக்கை மாதிரி ஒரு குழாயாக விட்டுவைப்பார்கள். பைபாஸ் என்பதில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே கொண்டுபோய் இணைப்பார்கள். மீதி இரைப்பை உள்ளேயேதான் இருக்கும், சாப்பாடு மட்டும் அந்த வழியாகப் போகாது. 1960-களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிவைத்தது இது. புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்துபோவதைக் கவனித்ததிலிருந்து வந்த யோசனை. பை சிறிதானால் குறைவாகச் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான் என்று ரொம்ப காலம் எல்லோரும் நம்பினார்கள். 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கிரெலின் என்ற பசி ஹார்மோனைக் கண்டுபிடித்தபிறகு பார்வை மாறியது. அது அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில், அதாவது ஸ்லீவில் வெட்டி எறியப்படும் பகுதியில். இன்னொரு பக்கம், சாப்பாடு வேகமாகக் குடலை அடைவதால் ஜிஎல்பி-1 போன்ற நிறைவு ஹார்மோன்கள் பலமடங்கு பொங்குகின்றன. "பசின்னா என்னன்னே மறந்துபோச்சு" என்று முதல் சில மாதங்களில் பலர் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு குறையும்? முதல் ஒன்றிரண்டு வருடங்களில் மொத்த எடையில் கால் பங்கிலிருந்து முப்பது சதவீதம் வரை என்பது வழக்கமான கணக்கு. உங்களுக்கு என்றால் 90 கிலோவை ஒட்டி வந்து நிற்கலாம். இதைக் கேட்டதும் முகம் வாடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்கள் மனதில் 60 இருக்கும். ஆனால் மூட்டுக்கும் மூச்சுக்கும் சர்க்கரைக்கும் 126-க்கும் 90-க்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வு, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதே பருமனோடு வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2020-இல் கணக்குக் காட்டியது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கும் ஐந்தரை வருடம் குறைவுதான். அங்கே அந்தக் காலத்தில் பெரும்பாலும் செய்த ஆபரேஷன் வகை இன்றைக்கு அநேகமாக வழக்கொழிந்துவிட்டது என்பதால், அந்த எண்ணை அப்படியே உங்கள்மேல் பொருத்த முடியாது. சர்க்கரையைப் பொறுத்தவரை, 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஐந்து வருடம் கழித்தும் மூன்று மாதச் சராசரியை 6-க்குள் வைத்திருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, வெறும் மருந்தில் 5. நல்ல பலன்தான், ஆனால் எல்லோருக்கும் சர்க்கரை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி நீங்கள் பயன்படுத்திய அந்தச் சொல்லுக்கு வருகிறேன்: சாப்பாட்டுக்கு அடிமை. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் சண்டை ஓயாததும் கலந்து கிடக்கின்றன. 1956-லேயே மருத்துவ இதழில் அச்சேறிய சொல் இது. 2009-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இதை அளக்க ஒரு வினாப்பட்டியல் உருவாக்கினார்கள். நினைத்ததைவிட அதிகம் சாப்பிடுகிறீர்களா, நிறுத்த முயன்று தோற்றிருக்கிறீர்களா, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்கிறீர்களா என்று மது அடிமைகளிடம் கேட்பதைப் போலவே அதில் கேட்பார்கள். இருந்தும் 2013-இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் உணவு அடிமைத்தனம் ஒரு நோயாக இடம்பெறவில்லை. கட்டுப்பாடில்லாமல் அள்ளி விழுங்கும் கோளாறு மட்டும் தனி நோயாகச் சேர்க்கப்பட்டது. எதற்கு அடிமை, சர்க்கரைக்கா, கொழுப்புக்கா, இரண்டையும் கலந்து ஆலையில் செய்த பண்டங்களுக்கா, அல்லது சாப்பிடுதல் என்ற செயலுக்கேவா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. மதுவை முற்றாக விட்டுவிடலாம், சாப்பாட்டை விட முடியாது என்ற சங்கடம் வேறு. என் எண்ணத்தைக் கேட்டால், பெயரில் தகராறு இருக்கலாம், அனுபவத்தில் இல்லை. வயிறு முட்டியபிறகும் கை நீள்கிறது, மறைத்துச் சாப்பிடத் தோன்றுகிறது, உறையைக் குப்பைக்கூடையின் அடியில் திணிக்கிறோம், மறுநாள் காலையில் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. இதை விவரிக்க அடிமை என்ற சொல் உங்களுக்கு உதவுகிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். 'என்னால் எதுவும் முடியாது' என்ற அர்த்தத்தை மட்டும் அதோடு சேர்த்து வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஆபரேஷன் பசியைத் தொடுகிறது. அந்த நடுராத்திரிக் கையை அது எந்த அளவுக்குத் தொடுகிறது? ஒருவர் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் வாரம் என்னிடம் வந்தார். முந்தைய இரவு பதினொன்றரைக்கு எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறார். பசி துளியும் இல்லை. கதவைப் பிடித்தபடி, அந்த மஞ்சள் வெளிச்சத்தில், எதையும் எடுக்காமல் நின்றிருக்கிறார். ஃபிரிட்ஜ் 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தபிறகுதான் கதவைச் சாத்தினாராம். "எனக்கு எதுவும் வேண்டாம் சார். ஆனா அங்க போய் நிக்கணும்போல இருந்தது. இத்தனை வருஷமா அந்த நேரத்துல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். இழவு வீட்டில் அழுகிற அழுகை அது. முதல் வாரங்களில் இந்தத் துக்கம் வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வந்ததும் 'தப்புப் பண்ணிவிட்டேனோ' என்று பயந்துவிடுகிறார்கள். அநேகமாக அது தானாகவே தணியும். ஆனால் நாள் முழுக்க யாருக்காகவோ ஓடிவிட்டு, அந்த அரைமணி நேரம் மட்டும் தனக்கென்று சாப்பாட்டோடு உட்காருகிற ஒருவருக்கு, அந்த அரைமணியில் வேறு என்ன வைப்பது என்ற கேள்விக்கு அறுவை மருத்துவரிடம் பதில் கிடையாது.

முதல் வருடம் பெரும்பாலும் எல்லாம் நன்றாகப் போகும். ஒரு கவளம் கூடினாலே நெஞ்சுக்குழியில் கல் உட்கார்ந்ததுபோல் இருக்கும். சிலருக்கு விக்கல் வரும், சிலருக்கு மூக்கில் நீர் வடியும், அதையும் மீறினால் நுரைநுரையாக வாந்தி. பைபாஸ் செய்தவர்கள் இனிப்பைச் சாப்பிட்டால் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு முறுக்கிப் படுத்துவிடுவதும் உண்டு. டம்பிங் என்பார்கள். "அதுவே எனக்குப் போலீஸ் மாதிரி இருந்து தடுத்துவிடும்" என்று நம்பி வருபவர்கள் அநேகம். அந்தப் போலீஸ் எல்லோர் வீட்டுக்கும் வருவதில்லை, வந்தாலும் நாளாக ஆகத் தளர்ந்துவிடுகிறது. தவிர, அந்தக் கதவில் ஓர் ஓட்டை உண்டு. ஒரு துண்டு இறைச்சி அடைத்துக்கொள்கிற அதே பையில் ஐஸ்கிரீமும் மில்க்‌ஷேக்கும் சாக்லேட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அரை மணிக்கு ஒருமுறை நாலு சிப்ஸ், இரண்டு பிஸ்கட் என்று நாள் முழுக்கக் கொறித்தால் எந்தக் கல்லும் உட்காராது. அறிவால் யாரும் இந்த வழியைத் தேடிப் போவதில்லை, பழைய பழக்கம் தடவித் தடவித் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது.

எனவே நான் கவனமாகப் பார்ப்பது இரண்டாம் வருடத்தை. பசி கொஞ்சம் திரும்பியிருக்கும், தராசு நகராமல் நிற்கும், பாராட்டுகள் நின்றிருக்கும். எடை கொஞ்சம் ஏறத் தொடங்குவதும் இங்கேதான். ஓரளவு ஏறுவது இயல்பு, அதைத் தோல்வி என்று எண்ண வேண்டியதில்லை. ஆய்வுகள் ஒரு விஷயத்தில் ஓரளவு ஒருமித்துச் சொல்கின்றன: ஆபரேஷனுக்கு முன்னால் கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டவர் என்பதை வைத்து மட்டும் ஒருவருக்குப் பலன் குறையும் என்று கணிக்க முடிவதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடிழப்பு திரும்பிவருகிறவர்களுக்குத்தான் எடை இறங்குவது குறைகிறது, ஏறுவதும் கூடுகிறது. அளவு சின்னதாக இருக்கும், ஒரு கிண்ணம்கூட இருக்காது. ஆனால் 'நிறுத்த முடியவில்லை' என்ற அந்த உணர்வு பழையதேதான். அதை உணர்ந்த அன்றே வந்து சொல்பவருக்கு நாங்கள் செய்ய நிறைய இருக்கிறது.

வருவதுதான் கஷ்டம். துணிச்சல் என்ற சொல்லை நீங்கள்தான் எழுதினீர்கள், "எனக்கு அவ்வளவு துணிச்சல் இருக்கிறதா தெரியவில்லை" என்று. ஆபரேஷன் மேஜையில் படுக்கத் துணிச்சல் வேண்டும்தான், ஆனால் மயக்க மருந்து ஏறியபிறகு அங்கே நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. மனிதர்களுக்குக் கால் நடுங்குவதை நான் பார்த்தது வேறு இடங்களில். ஒரு பெண்மணி ஆபரேஷன் முடிந்து நாலு வருடத்தில் 18 கிலோ திரும்ப ஏறி, அந்த வெட்கத்தில் இரண்டு வருடம் எங்கள் பக்கமே வரவில்லை. இரண்டு தடவை வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார். மூன்றாம் முறை உள்ளே வந்தவர் தராசில் எண்ணைப் பார்க்க மாட்டேன் என்றார். முதுகைத் திருப்பி நிற்கச் சொன்னோம். நர்ஸ் எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் குறித்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொள்ளும்போது "நீங்க திட்டுவீங்கன்னு நினைச்சேன்" என்றார். நாங்கள் யாரும் திட்டியதில்லை. ஆனால் எங்கேயோ, யாரோ அவரை அவ்வளவு வருடம் திட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அவர் உள்ளே வந்ததைவிடப் பெரிய துணிச்சல் ஒன்றை என் வேலையில் நான் பார்த்ததாக நினைவில்லை.

இப்போது உங்கள் பயத்துக்கு நேராக வருகிறேன். இரவில் சாப்பிடுவதைச் சொன்னால் ஆபரேஷனே இல்லை என்பார்களா? பெரும்பாலும் மாட்டார்கள். இன்றைய வழிகாட்டுதல்படி பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 35-ஐத் தாண்டிய யாருக்கும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். உங்களுடையது ஏறக்குறைய 44.6. உளவியலாளரிடம் அனுப்புவது ஆளை வடிகட்டி வெளியே தள்ள என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்புக்கு எங்கள் தொழிலும் கொஞ்சம் காரணம், ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் உண்மையில் தள்ளிப்போடச் சொல்வது சில நிலைமைகளில்தான்: குடியோ போதைப்பொருளோ கட்டுக்கடங்காமல் இருப்பது, சாப்பிட்டுவிட்டு வேண்டுமென்றே வாந்தியெடுக்கும் நோய் தீவிரமாக இருப்பது, சிகிச்சை பெறாத மனச்சிதைவு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம். அப்போதும் தள்ளிப்போடுவதுதான், கதவைச் சாத்துவது அபூர்வம். கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது இந்தத் துறையில் நாங்கள் அன்றாடம் கேட்கும் விஷயம். சொல்லாமல் மேஜையேறியவர்கள்தான் பிற்பாடு அதிகம் திண்டாடுகிறார்கள், 'பொய் சொல்லித்தானே வாங்கினோம்' என்ற குறுகுறுப்பில் திரும்பி வரவும் கூசுகிறார்கள்.

சொல்ல வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரவில் சாப்பிடுவது எல்லோருக்கும் ஒரே நோய் இல்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல், மதியம் எதையோ கொறித்துவிட்டு, 'இன்றைக்குக் கட்டுப்பாடாக இருந்தேன்' என்ற திருப்தியோடு இரவைத் தொடுகிறவர்கள் பாதிப்பேர். அவர்களுக்குப் பதினொரு மணிக்கு வருவது அடிமைத்தனத்தைவிடப் பெரிதும் பட்டினியின் பழிவாங்கல். முதல் சிகிச்சையே மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட வைப்பதுதான். தூக்கத்தில் பலமுறை விழித்து, சாப்பிட்டால்தான் மறுபடி தூங்க முடியும் என்று இருப்பவர்களுடையது வேறு வகை, 1955-லேயே விவரிக்கப்பட்டது. தூக்கத்தில் மூச்சு தடைபடுவதால் விழிப்பவர்களும் உண்டு, உங்களுக்கு அது இருக்கிறது. அப்புறம், சர்க்கரை மாத்திரைகளில் சில வகை இரவில் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். வியர்வையும் நடுக்கமுமாக விழித்துக் கண்டதை அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, 'எனக்குக் கட்டுப்பாடு இல்லை' என்று தன்னையே திட்டிக்கொண்ட ஒருவருக்கு, மாத்திரையை மாற்றியதும் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது இதில் எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவரிடம் நீங்கள் மறைத்துவைத்திருக்கிறீர்கள்.

சிகிச்சை உண்டா என்றால் உண்டு. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சைக்குக் கட்டுப்பாடற்ற உண்ணும் கோளாறில் நல்ல ஆதாரம் இருக்கிறது. அதில் சாப்பாடு குறையும், எடை பெரிதாகக் குறையாது. அறுவை சிகிச்சையில் எடை குறையும், பழக்கம் காத்திருக்கும். ஒன்றை வைத்து மற்றதை ஈடுகட்ட முடியாது என்பதால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறேன். எப்போது என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பார்கள் சிலர். என் அனுபவத்தில், முன்னால் அறிமுகமாகி, ஆறாவது மாதத்துக்கு மேல் மறுபடி தொடங்குவது பலன் தருகிறது. முதல் மாதங்களில் பசியே இல்லாதவரிடம் பசியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

மூடி மறைக்காமல் சொல்ல வேண்டியவை இன்னும் இருக்கின்றன. பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும், உச்சமும் கூடும். 2012-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், குடிக் கோளாறு இருந்தவர்கள் ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதம், இரண்டாம் வருடத்தில் 9.6 சதவீதம். 'ஓர் அடிமைத்தனம் போய் இன்னொன்று வந்தது' என்று இதை விளக்குபவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் முழுதாக ஒப்பவில்லை, உடம்பு மதுவை வாங்கும் விதமே மாறுவதும் காரணம். எப்படியானாலும், அரைமணி நேரத் துணையாகச் சாப்பாட்டை வைத்திருந்தவர் அந்த இடத்தில் கோப்பையை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 8,815 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த நிகழ்வுகள் ஆபரேஷனுக்குப் பின் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயின. நேர்ந்தது ஒரு சிறு பகுதியினருக்குத்தான், அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மனநலக் கோளாறு கண்டறியப்பட்டவர்கள். உங்களுக்கு மனச்சோர்வு இருந்த வரலாறு உண்டு என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். எடை குறைந்தும் மனம் கனக்கிறது என்று எப்போது தோன்றினாலும் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள்.

உடம்புப் பக்கம் சுருக்கமாக. முப்பது நாளுக்குள் உயிரிழப்பு என்பது 2009-இல் வெளியான 4,776 பேர் ஆய்வில் 0.3 சதவீதம். தைத்த இடத்தில் கசிவு, ரத்தக்கசிவு, ரத்தம் உறைதல் ஆகியவை ஆரம்பநாள் அபாயங்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டியவை. வாந்தி நிற்காமல் போனால் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்து மூளையையே பாதிக்கும், அதில் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது. மூன்றாம் மாதத்துக்கு மேல் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். உங்களுக்கு நெஞ்செரிச்சல் இருந்தால் ஸ்லீவ் அதைக் கூட்டலாம், கேட்டுவிட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். தோல் தொங்கும். கணவன் மனைவி உறவுகூட ஆட்டம் காணலாம். ஸ்வீடன் தரவுகளில் ஆபரேஷனுக்குப் பின் பிரிவுகளும் கூடின, தனியாக இருந்தவர்கள் துணை தேடிக்கொண்டதும் கூடியது.

வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. செமக்ளூடைட் ஊசியில் சராசரியாக 15 சதவீதம், டிர்செபடைட்டில் 20 சதவீதத்தை ஒட்டி எடை குறைந்ததாக ஆய்வுகள் உள்ளன. தலைக்குள் ஓயாமல் ஓடும் சாப்பாட்டு நினைப்பு அடங்கிப்போனதாக என்னிடம் வருபவர்கள் சொல்வதும் உண்டு. ஆனால் செமக்ளூடைட்டை நிறுத்தியவர்களுக்கு இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்பிவிட்டது. ஊசி வேண்டாம் என்று இதை வைத்துச் சொல்லவில்லை, நிறுத்தும் தேதியை மனதில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம் என்கிறேன். ஊசியும் ஆபரேஷனும் எதிரிகள் அல்ல, இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துபவர்கள் இப்போது எங்களிடமே இருக்கிறார்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, அந்தக் கடைசி வரியை, எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில், ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வாயால் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், முடியாவிட்டால் தாளை நீட்டுங்கள். ஒரு வாரத்துக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், அன்றைக்குப் பகலில் என்ன சாப்பிட்டிருந்தீர்கள், வியர்த்ததா என்று நாலு சொல் குறித்துவைத்தால் இன்னும் நல்லது. என் மேஜையில் அப்படி நிறையத் தாள்கள் வந்திருக்கின்றன. ஒருவர் மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, நான்காக மடித்துக் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மாதம் கழித்து அவருக்கு ஆபரேஷன் நடந்தது. ரசீதைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.